ஏழரைத் தாளம்

“தாளம் ஏழரை அட்சரமா? உங்களுக்கு வேற கணக்கே கிடைக்கலையா, மாப்பிள்ளை?”

மேடைக்குப் பின்னால் இருந்த சின்ன அறையில், கால் ஆடாத ஒரே நாற்காலியைப் பிடித்துக்கொண்டு கேட்டார் மாமனார். காலமெல்லாம் மிருதங்கம் வாசித்தவர். தாளம் என்று வந்துவிட்டால் பெற்ற மகளைக்கூட நம்பமாட்டார்.

“ஏழுன்னா எல்லாரும் வாசிக்கறாங்க மாமா. அந்த அரைதான் புதுசு” என்றான் மாப்பிள்ளை, கிடார் கம்பியை முறுக்கியபடி.

“ஏழரையை விலை கொடுத்து வாங்கறதுன்னு கேள்விப்பட்டிருக்கேன். இப்பத்தான் நேர்ல பாக்கறேன்.”

டிரம்மர் சிரித்துவிட்டு, மாமனார் முறைத்ததும் அதை இருமலாக மாற்றிக்கொண்டான்.

மாப்பிள்ளையின் பிழைப்பு இதுதான். தோடியையும் கல்யாணியையும் கிடாரில் இழைத்து, பின்னால் ஒரு பாஸ் கிடார், பக்கத்தில் ஒரு டிரம்ஸ் என்று மூன்று பேராக ஜாஸ் வாசிப்பது. ஜாஸ்காரர்கள் ‘இது ஜாஸ் மாதிரி இல்லையே’ என்றார்கள். மாமனார் வீட்டில் ‘இது எது மாதிரியும் இல்லையே’ என்றார்கள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் மாமனார் ஒரு கச்சேரிக்கும் வந்ததில்லை. இன்றைக்கு மகள்தான் இழுத்துக்கொண்டு வராத குறையாக அழைத்து வந்திருந்தாள்.

“நேரா விஷயத்துக்கு வரேன்” என்றார் மாமனார். “என் பையன் டயர் கடைக் கல்லாவுக்கு ஆள் தேடறான். இன்னிக்கு உங்க தாளம் ஒரு இடத்துல சறுக்கினாலும், அடுத்த வாரத்துலேருந்து நீங்க அங்க போய் உக்காரணும். சம்மதமா?”

“சரிப்பா” என்றாள் மகள். “தப்பலைன்னா, இனிமே எங்க வீட்டுப் பக்கம் வந்து டயர்ங்கற வார்த்தையையே நீங்க எடுக்கக் கூடாது.”

“எடுக்க மாட்டேன்.”

மாப்பிள்ளையை யாரும் கேட்கவில்லை. பாஸ் வாசிப்பவர் தன் கல்யாணத்திலேயே வாய் திறக்காதவர்; தன் கிடாரைத் தோளில் மாட்டிக்கொண்டார்.

மாப்பிள்ளை டிரம்மரை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனான்.

“டேய், உன் கால்ல வேணும்னாலும் விழறேன். அந்த அரையை மட்டும் கோட்டை விட்டுடாதே. எனக்கு டயர் மாத்தக்கூடத் தெரியாது.”

“கவலைப்படாதீங்கண்ணே. தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் அடிப்பேன்.”

விழித்திருக்கும்போது அடிப்பதில்தான் சிக்கல் இருந்தது.

கச்சேரி தொடங்கியது. மாமனார் முதல் வரிசையில் உட்கார்ந்து, சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, தொடையில் தாளம் போட ஆரம்பித்தார். முதல் சுற்று சுகமாகப் போயிற்று. இரண்டாவது சுற்றில் மாப்பிள்ளை தோடியில் ஒரு கமகத்தை இழுத்தான். கொஞ்சம் அதிகமாகவே இழுத்துவிட்டான். டிரம்மருக்கு அந்த அரை எந்தப் பக்கம் போனதென்று தெரியவில்லை. மண்டைக்குள் ஏழு இருந்தது, எட்டு இருந்தது, ஏழரையைக் காணோம்.

நிமிர்ந்து பார்த்தான். முதல் வரிசையில் மாமனாரின் கை கொஞ்சமும் அசராமல் விழுந்து எழுந்துகொண்டிருந்தது. அவனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அதற்குப் பிறகு அவன் கிடாரையும் பார்க்கவில்லை, பாஸையும் பார்க்கவில்லை. அங்கே கை விழுந்தால் இங்கே குச்சி விழுந்தது. கை தயங்கினால் குச்சியும் தயங்கியது. மாமனாரோ கண் இமைக்காமல் இவனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மாப்பிள்ளை இதைக் கவனித்தான். மனுஷர் தப்பைப் பிடிக்கத்தான் இப்படி உற்றுப் பார்க்கிறார் என்று நினைத்தான். ரப்பர் வாடை மூக்கில் ஏறுவது போலிருந்தது. ஆனால் மாமனாரின் கையும் டிரம்மரின் குச்சியும் பிசகாமல் ஒன்றாகப் போவதைப் பார்க்கப் பார்க்கத் தைரியம் வந்தது. தன்னுடைய எண்ணிக்கைக்கு எங்கேயோ இடிக்கிறதே என்று ஓர் இடத்தில் தோன்றத்தான் செய்தது. இரண்டு தாளக்காரர்கள் ஒரு பக்கம் நிற்கும்போது தப்பு தன்மேல்தான் இருக்கவேண்டும் என்று அவர்கள் போன வழியிலேயே போய்விட்டான்.

கடைசியில் தலையை அசைத்தான். மூவரும் ஒன்றாக நிறுத்தினார்கள். மாமனாரின் கையும் நின்றது. கூட்டம் எழுந்து கைதட்டியது.

மாமனார் அறைக்குள் வந்தார்.

“தப்பல” என்றார்.

மாப்பிள்ளைக்குக் கண் கலங்கிவிட்டது. இந்த ஒரு சொல்லுக்காக அவன் எவ்வளவு ஏங்கியிருந்தான் என்பது அவன் மனைவிக்கு மட்டும்தான் தெரியும்.

“நிஜமாவா மாமா?”

“என் மக முன்னாடி சொல்றேன். தாளம் அப்படியே அசையாம நின்னுது. இனிமே அந்தக் கடைப் பேச்சை எடுக்க மாட்டேன்.”

மகள் அப்பாவின் கையை ஒருமுறை அழுத்திவிட்டு, புருஷனோடு சேர்ந்து சாமான்களை வண்டியில் ஏற்றப் போனாள். பாஸ்காரரும் பின்னாலேயே போனார்.

அறையில் மிஞ்சிய டிரம்மருக்கு மனசு உறுத்தியது. கொஞ்சநேரம் குச்சிகளைத் துடைத்துக்கொண்டிருந்தவன், மாமனார் அருகில் போய் நின்றான்.

“ஐயா, உங்ககிட்ட மறைக்க மனசு வரல. ரெண்டாவது சுத்துலேயே எனக்குக் கணக்கு விட்டுப்போச்சு. கடைசி வரைக்கும் உங்க கையைப் பாத்துத்தான் அடிச்சேன். நீங்க மட்டும் இல்லைன்னா அண்ணன் கதி டயர் கடைதான்.”

மாமனாரின் முகம் வெளிறியது. எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

“மெதுவாப் பேசு தம்பி, என் பொண்ணு காதுல விழப்போகுது. நான் முதல் சுத்துலேயே விட்டுட்டேன். உன் குச்சியைப் பாத்துத்தான் கையை ஆட்டிக்கிட்டு இருந்தேன்.”