ஹாலில் மாட்டிய கோல்

“எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு என் வீட்டுப் படியேறி வரான்னு பாக்குறேன்,” என்றார் அப்பா, ஹாலில் மாட்டியிருந்த போட்டோவின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே.

அந்தப் போட்டோவுக்கு மேலே தனியாக ஒரு சின்ன விளக்கு உண்டு. அவருடைய கல்யாணப் போட்டோ உள் அறை பீரோவுக்குப் பின்னால் ஒட்டடை படிந்து கிடக்கிறது.

எட்டு நாடுகள் மோதும் பிராந்தியக் கால்பந்துக் கோப்பை. அதன் பைனலில், முப்பது வருடங்களுக்கு முன்னால் அப்பா அடித்த கோல்தான் போட்டோவில் இருப்பது. பந்து வலைக்குள் கிடக்கிறது. அப்பா இரண்டு கைகளையும் தலையில் வைத்துக்கொண்டு நிற்கிறார். பின்னால் யாரோ ஒருவர் கையை உயர்த்தித் துள்ளுகிறார்.

“ஏம்ப்பா தலையில கை வச்சிருக்கீங்க?” என்று மகள் சின்ன வயதில் கேட்டிருக்கிறாள்.

“சந்தோஷம் தாங்கலடி. தலையே வெடிச்சிடும் போல இருந்துச்சு.”

அந்த ஒரு கோலை வைத்தே மனுஷன் இத்தனை காலத்தையும் ஓட்டிவிட்டார். கீழே அவருடைய ஸ்போர்ட்ஸ் கடையில் ஷூ லேஸ் வாங்க வருகிறவன்கூடக் கதையை முழுசாகக் கேட்காமல் தப்பிக்க முடியாது. தெருவில் எல்லோரும் அவரை ‘பைனல் சார்’ என்றே கூப்பிட்டார்கள். மரியாதையாகச் சொல்கிறார்கள் என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார்.

மகள் கட்டிக்கொள்ள ஆசைப்பட்ட பையனும் நாட்டு அணிக்குத்தான் ஆடுகிறான். டிஃபென்ஸ். போன மாதம் இதே கோப்பையின் அரையிறுதியில், கார்னரிலிருந்து வந்த பந்தைத் தலையால் தட்டிவிடப் போய், தன் வலைக்குள்ளேயே போட்டுவிட்டான். ஆட்டம் போயிற்று. அன்றிலிருந்து அப்பா அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. ‘சேம் சைடு’தான்.

பெண் கேட்டு அவனும், அவன் அம்மாவும், தாய்மாமாவும் வந்தார்கள். “உங்க அப்பா மனசார சரின்னு சொன்னாத்தான் கல்யாணம். இல்லேன்னா ரெண்டு பேரும் மறந்துடுங்க,” என்று பையனின் அம்மா முன்பே கறாராகச் சொல்லியிருந்தார்.

“இவர் என் அண்ணன். நான் பொறந்தது எல்லைக்கு அந்தப் பக்கம், பக்கத்து நாட்டுலங்க. அண்ணன் காலையில முதல் பஸ் புடிச்சு வந்தாரு,” என்று அந்த அம்மா சொன்னதை அப்பா காதிலேயே வாங்கவில்லை. முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்த மாமா, வந்ததிலிருந்து போட்டோவையே பார்த்துக்கொண்டிருந்தார். அது போதாதா? எழுந்து போய் விளக்கைப் போட்டார் அப்பா.

“பைனல்ல நான் போட்ட கோல். ஸ்டேடியமே ஆடிப்போச்சு. ஆமா, நீங்க என்ன பண்றீங்க?”

“பஸ் டிப்போவுல மெக்கானிக்கா இருந்தேங்க.”

“ஓ, ஸ்பேனர் புடிச்ச கையா! அப்ப இதெல்லாம் உங்களுக்குப் புரியாது.”

மாமா சிரித்துக்கொண்டார்.

அப்பா பையன் பக்கம் திரும்பினார். “ஏன் தம்பி, கிரவுண்டுல ரெண்டு கோல் போஸ்ட் இருக்குமே, அதுல எது நம்மளதுன்னு உங்க கோச் சொல்லிக் குடுக்கலையா?”

“தப்புதான் அங்கிள்,” என்றான் அவன், டீ கப்பைப் பார்த்தபடி.

“தப்பா? கண்ணைக் கட்டி விட்டாக்கூட எவனும் தன் வலையில அடிக்க மாட்டான்!”

மகளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “போதும்ப்பா! ஆட்டம்னா யாருக்கு வேணா நடக்கும்.”

“யாருக்கு வேணா நடக்காதுடி. மானம் ரோஷம் உள்ளவனுக்கு நடக்காது. இவன் எடத்துல நானா இருந்தா பூட்ஸைக் கழட்டிக் குப்பையில போட்டுட்டு ஊரை விட்டே போயிருப்பேன். இவன் என்னடான்னா பொண்ணு கேட்டு வந்து பிஸ்கட் தின்னுட்டு இருக்கான்!”

பையன் பிஸ்கட்டைத் தொடக்கூட இல்லை. அவன் அம்மாவின் முகம் சிறுத்துப் போனது.

அப்பா தீர்ப்பைச் சொன்னார். “சேம் சைடு கோல் போட்டவனுக்குப் பொண்ணு குடுத்தேன்னு தெரிஞ்சா ஊரே காறித் துப்பும். கெளம்புங்க.”

பையனும் அவன் அம்மாவும் எழுந்துவிட்டார்கள். மகள் அழுகையை அடக்கிக்கொண்டு சுவரோரம் நின்றாள். எல்லாம் முடிந்துவிட்டது என்றே நினைத்தாள்.

மாமா மட்டும் வாசல் பக்கம் போகவில்லை. காலை இழுத்து இழுத்துப் போட்டோவின் முன்னால் போய் நின்றார். மூக்குக்கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, அப்பாவுக்குப் பின்னால் துள்ளிக்கொண்டிருந்த ஆளின் மேல் விரலை வைத்தார்.

“இது நான்தாங்க.”

அப்பாவின் கையிலிருந்த கப் சாய்ந்து டீ சட்டையெல்லாம் கொட்டியது. அவர் அதைத் துடைக்கக்கூட இல்லை.

மாமா திரும்பி வந்து அப்பாவின் கைகளைப் பிடித்துக்கொண்டார். அவர் முகத்தில் கேலியே இல்லை, கண் கலங்கியிருந்தது.

“உங்களை ஒரு தடவையாவது பாத்து நன்றி சொல்லணும்னு இத்தனை வருஷமா நெனச்சுக்கிட்டே இருந்தேன். அந்த சேம் சைடு கோலாலதாங்க எங்க நாட்டுக்குக் கப்பே கெடச்சுது, சம்பந்தி!”