நின்றுபோன படம்

எர்ணாவூர் குடியிருப்புக்கு வந்திருந்த மருத்துவ வேனில், திரையில் தெரிந்த டாக்டரம்மா கேட்டார்: "உனக்கு என்ன செய்யுது, ஹெப்சிபா?"

"ஒரே வயித்து வலி" என்றாள் அம்மா ஞானம்.

"எப்ப வலிக்குது?"

"ஸ்கூலுக்குக் கெளம்பும்போது."

"ராத்திரி தூங்குறியா?"

"இவளா? இடி வுழுந்தாலும் எய்ந்துக்க மாட்டா!"

வயிற்று வலியே பொய். பள்ளிக்கூடம் போக ஏன் பயம் என்று சொல்லத்தான் ஹெப்சிபா வந்திருந்தாள். அம்மா இடம் கொடுத்தால்தானே!

"ஸ்கூல்ல யாராவது…" என்ற டாக்டரம்மா, திறந்த வாயோடு அப்படியே உறைந்துபோனார்.

"அய்ய, படம் நின்னுபோச்சே! மேல டிஷ்ஷு திரும்பிக்கிச்சு போல கீது. டிரைவரு!" என்று கத்திக்கொண்டே ஞானம் இறங்கி ஓடினாள்.

கதவு சாத்திக்கொண்டது. டாக்டரம்மா கண்ணைச் சிமிட்டினார்.

"சிக்னல் நல்லாத்தான் இருக்கு. அம்மா வர்றதுக்குள்ள நீ சொல்லு!"