சென்னியப்பனின் சோபா

முதலுதவி அறைச் சாவிக்காக நீட்டிய கையோடு நின்றாள் நர்ஸ்.

மேனேஜர் சென்னியப்பன் அந்தக் கையைப் பார்க்கவில்லை. பூட்டிய கதவில் ஒட்டியிருந்த பச்சைச் சிலுவையைப் பார்த்தார். ஓரம் தூக்கியிருந்தது. விரலால் நீவிவிட்டார்.

அவர்கள் காலடியில், துணி மூட்டையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள் பூவாத்தாள். துணி ஓரம் தைக்கையில் ஓவர்லாக் மெஷின் ஊசி ஆள்காட்டி விரலில் நகத்தோடு இறங்கி, உள்ளேயே முறிந்துவிட்டது. முகம் வெளுத்துக்கொண்டு வந்தது.

"ஏனுங் சிஸ்டர், வெளிநாட்டுக்காரங்க இப்ப வந்துருவாங்க. அதுக்குள்ள ரத்தக் கையோட ஆள உள்ள விட்டா பெட்ஷீட் என்னத்துக்கு ஆகும்?"

முதலுதவி அறை இல்லாவிட்டால் ஆர்டர் இல்லை என்று பனியன் வாங்கும் வெளிநாட்டுக்காரர்கள் சொல்லிவிட்டார்கள். அதனால் பனியன் கம்பெனியில் ஓர் அறை முளைத்தது. கட்டில், பச்சைத் திரை, ஆக்ஸிஜன் சிலிண்டர். கூடவே ஒரு நர்ஸ்.

கட்டிலைப் போலவே அவளையும் அந்த வாரம்தான் வாங்கிப் போட்டிருந்தார்கள்.

பஞ்சு, மருந்து, கட்டுத்துணி எல்லாம் பூட்டுக்கு அந்தப் பக்கம்.

அவள் அவரைப் பார்த்தாள். இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டை. பையில் சாவியின் புடைப்பு. யாரோ பிடுங்கிவிடப் போவதுபோல அதன்மேல் ஒரு கை.

இந்த ஆளிடமா இவ்வளவு நேரம் கெஞ்சினோம் என்றிருந்தது.

கையை மடக்கிக்கொண்டாள்.

பேக்கிங் மேசையில் அடுக்கியிருந்த ஏற்றுமதி பனியன்களில் ஒன்றை உருவினாள். பாலித்தீன் உறையைக் கிழித்தாள். பூவாத்தாளின் கையில் இறுகச் சுற்றி, அவளைத் தோளில் சாய்த்து நடத்தினாள்.

மேனேஜர் அறைக்கு.

ஏசி ஓடிக்கொண்டிருந்தது. வருகிறவர்களுக்காக ஒரு தட்டில் முந்திரி. பக்கத்தில் வெள்ளைத் தோல் சோபா.

அதில் படுக்க வைத்தாள்.

"வேண்டாங் சிஸ்டர். நான் கீழயே உக்காந்துக்கறனுங். சோபா பாழாப் போயிருமுங்."

"பேசாமப் படுங்கக்கா."

பனியனை நனைத்துக்கொண்டு ரத்தம் சோபாவில் சொட்டியது. ஒரு கையால் பூவாத்தாளின் கையை உயர்த்திப் பிடித்துக்கொண்டாள். மறு கையால் சென்னியப்பனின் மேசைப் போனை எடுத்து ஆம்புலன்சைக் கூப்பிட்டாள்.

அவர் ஓடி வந்தார். கையில் சாவி.

"தொறந்துட்டனுங்! அங்க கூட்டிட்டுப் போங்க சிஸ்டர். புதுக் கட்டிலுங்க."

"வேண்டாம் சார். கசங்கிரும்."

அதற்குள் வாசலில் நிழல் விழுந்தது. ஒரு வெளிநாட்டுப் பெண். கூடவே மொழிபெயர்க்க ஓர் ஆள். அந்தப் பெண் சோபாவைப் பார்த்து ஏதோ கேட்டாள்.

"இது என்ன ரூம்னு கேக்கறாங்க."

சென்னியப்பன் சாவியைப் பைக்குள் போட்டார்.

"முதலுதவி அறை" என்றாள் நர்ஸ்.

சொல்லிவிட்டு அவரையே பார்த்தாள். இல்லையென்று ஒரு வார்த்தை சொல்லட்டும். அந்த அளவுக்காவது முதுகெலும்பு இருக்கட்டும்.

சென்னியப்பன் சிரித்தார். ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினார். வெளிநாட்டுப் பெண்ணுக்குத் திருப்தி. அறையின் குளுமையைப் பற்றி நல்லவிதமாக ஏதோ சொன்னாள்.

பூவாத்தாளின் கால்கள் மட்டும் சோபாவுக்கு வெளியே தொங்கிக்கொண்டிருந்தன. பாதமெல்லாம் பஞ்சுத் தூசி.

மயக்கம் வருகிறவர்களுக்குக் காலை உயர்த்திவைக்க வேண்டும்.

நர்ஸ் பிடித்திருந்த கையைச் சோபா முதுகில் உயர்த்திச் சாய்த்துவிட்டுக் குனிந்து, அந்தக் கால்களை இரண்டு கையாலும் தூக்கி, சோபாவின் வெள்ளைக் கைப்பிடிமேல் வைத்தாள்.

பூவாத்தாள் கூச்சத்தோடு இழுத்துக்கொள்ளப் பார்த்தாள்.

அவள் விடவில்லை.