நாரையக்காவின் கண்ணாடி

ஏரிக்கரை நாவல் மரத்தடியில் தேவாங்கு ஒன்று கண்ணாடிக் கடை வைத்திருந்தது. கூடு பின்னும் தூக்கணாங்குருவிக்குக் கிட்டத்தில் பார்க்கும் பகுதி அகலமான லென்ஸைக் கொடுக்கும். உயரே வட்டமிடும் பருந்துக்குத் தூரத்தில் பார்க்கும் பகுதி அகலமானதைக் கொடுக்கும்.

நாரையிடம்தான் தேவாங்கு திண்டாடிப் போனது. நாரைக்குக் காலடி மீனும் தெரிய வேண்டும், வடக்கே போன மகள் திரும்பி வரும் வானமும் தெரிய வேண்டும். மேல்பாதி தூரத்துக்கு, கீழ்ப்பாதி கிட்டத்துக்கு என்று ஒரே லென்ஸைத் தேவாங்கு தேர்ந்தெடுத்துவிட்டது. இரண்டு பாதியும் சரியான உயரத்தில் அமைய, கருவிழிக்கு நேராக அதில் அடையாளப் புள்ளி வைப்பதுதான் பாக்கி. நாரையோ வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தது.

“என் மூக்கைப் பாருங்க, நாரையக்கா. நீங்க மேலே பார்த்தா புள்ளியும் மேலே ஏறிடும், கிட்டத்துப் பாதி கண்ணுக்கு நேரா வந்துடும். அப்புறம் உங்க மக எதிர்க்கரையில வந்து இறங்கினாலும் மங்கலாத்தான் தெரிவா.”

“உன் மூக்கைப் பார்க்கிற நேரத்துல அவ கடந்து போயிட்டா?”

தேவாங்கு தன் காதைத் தொட்டுக் காட்டியது. “சிறகுச் சத்தம் கேட்டா நான் பார்த்துச் சொல்றேன். நீங்க அசையாதீங்க.”

நாரை பார்வையை இறக்கியது. தேவாங்கு ஒரு கண்ணுக்குப் புள்ளி வைத்தது. அப்போது மேலே சிறகடிக்கும் சத்தம் கேட்டது. நாரையின் சிறகுகள் பாதி விரிந்தன. பார்வை மட்டும் நகரவில்லை.

“யாரு தம்பி?”

தேவாங்கு அண்ணாந்து பார்த்தது. “கொக்குக் கூட்டம், அக்கா.”

“பின்னாடி தனியா யாராவது வர்றாங்களா, பாரு.”

கூட்டம் மறையும்வரை தேவாங்கு பார்த்தது. “இல்லக்கா.”

“சரி, அடுத்த கண்ணுக்கு வை,” என்றது நாரை, தேவாங்கின் மூக்கைப் பார்த்தபடியே.