தூக்கிய கை

ஆன்லைன் வகுப்பில், திரையின் கடைசிக் கட்டத்திலிருந்த சிறுமி தினமும் கேள்வி கேட்கும் பொத்தானை அழுத்தி, மஞ்சள் கைப் படத்தைத் தூக்கி வைத்துக் காத்திருப்பாள். "அப்புறம் கேளு, கண்ணு," என்பாள் கணக்கு டீச்சர். அந்த அப்புறம் வரவேயில்லை. பாதி வருடத்தில் சிறுமி படிப்பை நிறுத்திவிட்டாள்.

நேற்று டீச்சர் தன் தங்கையோடு வீடியோவில் பேசினாள்.

"ஏன்க்கா, என்கிட்ட பேசக்கூட கை தூக்கணுமா?" என்று தங்கை சிரித்தாள்.

டீச்சரின் படத்துக்கு மேல் அதே மஞ்சள் கை. அவள் இறக்கினாள், அது மறுபடி ஏறியது. டீச்சர் திரையருகே குனிந்தாள்.

"சொல்லும்மா, கேக்கிறேன்."

கை தானாக இறங்கியது. ஸ்பீக்கரில் ஒரு சிறுமியின் குரல் வந்தது.

"பரவாயில்ல மிஸ். என்ன கேக்க வந்தேன்னு மறந்துபோச்சு."

"யாருக்கா அந்தக் குட்டி?" என்றாள் தங்கை.

எல்லோரையும் கண்ணு என்றே கூப்பிட்டுப் பழகிய டீச்சருக்குப் பெயர் வாயில் வரவில்லை.