உறைபனிக்குத் தப்பியது

மூன்று இரும்பு முளைகள் அகப்பட்டுவிட்டன. நான்காவதை அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை.

வேலப்பன் அரிவாள் முனையால் மண்ணைக் கிளறினார். இரும்பில் இரும்பு தட்டியது.

"இந்தா இருக்கு மேடம். நாந்தானே அடிச்சேன்."

முப்பத்தேழு வருடங்களுக்கு முன்பு, செடிகளை எண்ணச் சதுரம் குறித்து அடித்தது. அப்போது அவள் ஆராய்ச்சி மாணவி. அவர் கயிறு பிடிக்க வந்த மன்னவனூர்க்காரர். இருவருக்கும் இருபத்து நான்கு வயது.

அன்று இந்த மலைச்சரிவு முழுக்கப் புல். ஒரு மரம் கிடையாது.

முளைகளுக்கு நடுவே ஒரு வாரம் மண்டியிட்டு எண்ணினார்கள். நாற்பத்து மூன்று வகை. புல்லே பதினொன்று. தரையோடு ஒட்டிய ஆர்க்கிட். பூச்சி பிடிக்கும் சிவந்த சிறுசெடி. வேலப்பன் ஓர் எறும்பைக் கொண்டுவந்து அதன்மேல் விட்டார். என்ன ஆகிறதென்று பார்க்க அரைநாள் பக்கத்திலேயே படுத்துக் கிடந்தார். அவள் சிரித்ததில் எண்ணிக்கை தவறிப்போனது. மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கினார்கள்.

அவள் படிப்பு முடிந்து திருச்சிக்குப் போனாள். மறுவருடம் இங்கே வனத்துறையினர் வாட்டில் என்னும் அயல்நாட்டு மரத்தை நட்டார்கள். குழி எடுத்தவர்களில் வேலப்பனும் ஒருவர்.

மரம் மேலேறியது. வெளிச்சம் இல்லாமல் கீழே புல் செத்தது.

போன வருடம்தான் அந்த மரங்களை வெட்டினார்கள். பழைய புல்வெளி திரும்ப வேண்டுமாம். அவளுடைய பட்டியலைக் கேட்டு வாங்கினார்கள். அதில் உள்ளது இருக்கலாம். இல்லாததைப் பிடுங்க வேண்டும்.

"நட்டதும் இந்தக் கைதான் மேடம். இப்ப வெட்டுறதும் இதுதான்."

அவள் நான்கு முளைகளையும் சுற்றிக் கயிற்றைக் கட்டினாள். முழங்கால் மடங்க மறுத்தது. ஒரு கையை ஊன்றி மெதுவாக உட்கார்ந்தாள்.

புல் வந்திருந்தது. நான்கு வகை.

ஐந்து. ஆறு.

ஒன்பதோடு நின்றுவிட்டது. மற்றதெல்லாம் வாட்டில் முளை.

மூலையில் மட்டும் வேறொன்று. ஒரு சாண் உயரம். செம்பு நிறத் தளிர்.

சோலைக்காட்டு நாவல் மரக்கன்று.

பட்டியலில் இல்லாதது. வேலப்பனின் கை அதன் தண்டைப் பிடித்தது.

"இருங்க."

அவர் நிமிர்ந்தார்.

"போன தையில உறைபனி விழுந்துச்சா?"

"எங்க மேடம். ரெண்டு நாள். அதுவும் சும்மா வெள்ளை காட்டிட்டுப் போயிருச்சு. காலடியில புல்லு நொறுங்குமே, அந்தப் பனியப் பாத்து வருசமாச்சு."

அவளுக்கு மாணவியாய் இங்கே கழித்த அந்தத் தை நினைவுக்கு வந்தது. சரிவு முழுக்க வெள்ளை. வெயில் ஏறியதும் புல் மீண்டும் நிமிர்ந்துவிடும். நடுவே அங்கங்கே கறுத்துச் சுருண்ட கன்றுகள் மட்டும் அப்படியே நிற்கும். ஓடையோரச் சோலையிலிருந்து பறவைகள் கொண்டுவந்து போட்ட விதைகள். வருடா வருடம் முளைத்தன. வருடா வருடம் பனி கொன்றது.

செத்தவற்றை அவள் பட்டியலில் எண்ணவில்லை.

"புல்லு வேணும்னா இதையும் பிடுங்கணும்ல மேடம்?"

"ஆமா. பிடுங்கணும்."

இருவரும் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள்.

பிறகு வேலப்பன் குனிந்தார். கன்றைச் சுற்றியிருந்த வாட்டில் முளைகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் போட்டார்.

அவளுடைய நிழல் தளிரின்மேல் விழுந்துகொண்டிருந்தது.

சற்று நகர்ந்து உட்கார்ந்தாள்.