கூழைக்கடாவின் பை

கடலோரக் கழி ஒன்றில் நீர்க்காகமும் கூழைக்கடாவும் கூட்டாக நாக்குமீன் பிடித்து வந்தன. நாணல் குச்சியைவிடச் சின்ன மீனைத் திரும்ப விட்டுவிட வேண்டும் என்பது பேச்சு. அளந்து பார்ப்பது நண்டு.

அன்று முழுக்க முங்கியும் நீர்க்காகத்துக்குக் கிடைத்தது ஒரே மீன்.

"அரை விரல் குறையுதே, அக்கா," என்றது நண்டு.

"கூட்டுல மூணு குஞ்சு பசியோட கிடக்குதுப்பா."

நண்டு குச்சியை மறுபடி மீனருகே வைத்துக் காட்டியது. நீர்க்காகம் காலடியில் அமுக்கியிருந்த மீனை மெல்ல விட்டது.

பக்கத்தில் கூழைக்கடா வாயை மூடி நின்றது. அதன் பைக்குள் எட்டிப் பார்க்க நண்டுக்கு ஒருநாளும் துணிவு வந்ததில்லை. இப்போது கூழைக்கடாவே குனிந்து வாயைத் திறந்தது. ஏழெட்டுப் பொடிமீன்கள் துள்ளித் தண்ணீரில் விழுந்தன. பெரியது ஒன்றுதான் மிஞ்சியது.

"உள்ளே ஒரே இருட்டு, கவனிக்கல," என்றது கூழைக்கடா. "இதையும் அளந்துட்டு, அவகிட்ட கொடுத்துடு."